மூன்றாவது கேள்வி



கிழக்கிலிருந்து கண்டிப் பக்கம் இடமாற்றம் பெற்று வருபவர்கள், தொழிலுக்காக வருபவர்கள் என்று பலர் எங்களிடம் வீடு பற்றி விசாரிக்கிறார்கள். "பள்ளிக்குக் கிட்ட ஏதும் வீடு இருக்குதா சேர்?" இது முதல் கேள்வி. "என்ன விலை போகுது?" இது இரண்டாவது. மூன்றாவது கேள்வி வருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கிழக்கு முஸ்லிம்களாகிய நமக்கு வீடு தேடி வாங்கிப் பழக்கம் குறைவு. எங்கட ஊர்களில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு வாப்பாவும் உம்மாவும் கட்டிக் கொடுப்பது. உம்மாவின் வளவிலோ அடுத்த வளவிலோ மகளின் வீடு எழும்பும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். இந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் காணி யாருடையது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், அயலவர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரியும். ஊர் மாறும்போது அந்த அறிவு நம்மோடு வருவதில்லை.

எங்கள் கதையையே சொல்கிறோம். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். வட்டிக் கடன் வேண்டாம் என்று சீட்டுப் பிடித்து, நகையும் விற்றுச் சேர்த்த காசு கையில் இருந்தது. 2025 பெப்ரவரியில் அக்குறணைப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். புதுப் பெயின்ட், பாங்கு கேட்கும் தூரம், கைக்கு அடங்கிய விலை. பின்னால் பிங்கா ஓயா கணுக்கால் அளவு தண்ணீரோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. முற்பணம் கொடுக்க நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முதல்நாள், எதிர்ப்பக்கம் குடியிருக்கும் வயதான சிங்கள அம்மா ஒருவரிடம் எங்களுடைய அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தோம். அவர் ஒன்றும் நீட்டி முழக்கவில்லை. அந்த வீட்டு மதிலில் தன் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். இவ்வளவுக்குத் தண்ணீர் வரும் என்றார். புதுப் பெயின்ட் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரமும் ஏ-9 வீதியும் மூழ்குவது எங்களுக்குத் தெரியாத செய்தியா? எத்தனை தடவை போனில் படம் பார்த்திருக்கிறோம்! ஆனால் படத்தில் பார்த்த வெள்ளத்தையும் வாங்கப் போகும் வீட்டையும் மனம் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு மேலே ஏறினோம். வெள்ளம் எட்டாத காணி, 10 பேர்ச். மலையை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பின்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் செங்குத்தாக நின்றது. தாங்குசுவர் இல்லை. எங்கள் கண்ணுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. மணலில் வளர்ந்தவர்களுக்கு மலை ஒரு நல்ல காட்சி, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று கேட்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் காணி பார்த்ததில்லை. கடலுக்குப் பயப்படக் கற்றிருந்தோம், மலைக்குப் பயப்படக் கற்கவில்லை. விலை ஒத்துவராததால்தான் அந்தக் காணியை விட்டோம்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி மாவட்டத்தில் வீட்டோடு மண்ணுக்குள் போனவர்கள் பலர். நாங்கள் பார்த்த காணியின் பின்பக்க மண்ணும் அந்த மழையில் இறங்கியது. அங்கே வீடு இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நாம் ஏன் ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் போய்ச் சேர்கிறோம்? எல்லோரும் அதே நாலைந்து ஊர்களுக்குள்ளேயே இடம் தேடுகிறோம். நல்ல காணி முடிந்து, ஆறும் சரிவும்தான் மிச்சம். 2018 மார்ச்சில் திகனவிலும் அக்குறணையிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் நம்மவரோடு சேர்ந்து இருக்க விரும்புவதை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் மனிதருக்குப் பயந்து, தண்ணீரையும் மண்ணையும் மறந்துவிடுகிறோம். எங்கள் காசைக் காப்பாற்றியதும் அந்தச் சிங்கள அம்மாதான்.

ஆகவே மூன்றாவது கேள்வி இதுதான்: மழைக்கு இந்த இடம் எப்படி? அதைத் தரகரிடம் கேட்க வேண்டாம். அயலில் உள்ள வயதானவரிடம், பள்ளி மோதினாரிடம், கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது. உறுதியைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். சரிந்து நிற்கும் மரம், நிலத்தில் வெடிப்பு, புதிதாக ஊறும் தண்ணீர் கண்டால் திரும்பி விடுங்கள். உறுதியில் முப்பது வருட உரித்தைத் தேடுவதும், வாரிசுகள் அனைவரும் ஒப்பமிட்டார்களா என்று பார்ப்பதும் அதற்குப் பிறகு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். "வாடகை வீண் காசு, பிள்ளைக்குத் தரம் 1 அனுமதியும் வேண்டுமே" என்பீர்கள். பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு என்பது உண்மை. ஆனால் விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன் அவசரமாக எழுதிய உறுதிக்கு முழுப் புள்ளி கிடைப்பதில்லை. வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருந்ததா என்றும் பார்ப்பார்கள். வாடகை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவசர உறுதியை விட அது உதவும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு விஷயத்தில் நாங்களே கட்டாமல் நடந்தோம்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு காணி குறித்து வைத்திருக்கிறோம். ஒக்டோபர் மழை வரட்டும், குடையோடு போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றிருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.