எந்தத் துறை?

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பாகச் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் புறப்படுகிறாள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன்சேர, மூன்று மூர்த்திகளும் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் செல்கிறார்கள். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இடம்பெயர்ந்ததன் எச்சம் இந்த ஊர்வலம். 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழகத்துடன் இணைந்த பின்பும் அது தொடர்கிறது.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இதையே முனைவர் பட்டத்துக்கு ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ள விரும்பினான். வெளிமாநிலத்தில் வரலாறும் மானுடவியலும் இலக்கியமும் இணைந்த முதுகலைப் பட்டம் பெற்றவன். நேர்காணலில் தமிழ்ப் பேராசிரியர் இது வரலாறு என்றார். வரலாற்றுப் பேராசிரியர் இது நாட்டார் வழக்காற்றியல் என்றார். மூன்றாமவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க எந்தத் துறை?" என்றாராம். தெப்பக்குளப் படியில் அமர்ந்து அவன் என்னிடம் சொன்னான்: "எதைச் சொன்னாலும் கடைசியில எந்தத் துறைன்னுதான் கேக்காங்க, அண்ணாச்சி."

அந்தக் கேள்வி ஆய்வின் ஒழுங்கைக் காப்பதற்காகக் கேட்கப்படுகிறது என்று நம்மிடம் சொல்கிறார்கள். அது ஒழுங்கைக் காக்கவில்லை, நாற்காலிகளைக் காக்கிறது என்பதே என் தரப்பு.

தாணுமாலயன் கோயிலுக்குள் சென்று பார்ப்போம். மூலவரில் சிவனும் திருமாலும் பிரமனும் ஒன்றாக வணங்கப்படுகிறார்கள். கல்வெட்டுகளைப் படிக்கத் தமிழோடு வட்டெழுத்தும் கிரந்தமும் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலக் கோயில் ஆவணங்களுக்கு மலையாளம் வேண்டும். இசைத்தூண்களை ஆராய்பவனுக்குச் சிற்பமும் இசையும் தேவை. ஒழுக்கப் பழிக்கு ஆளான நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தம் தூய்மையை நிறுவ வேண்டியிருந்த 'கைமுக்கு' வழக்கம் இங்குதான் இருந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இது சட்ட வரலாறா, சமய வரலாறா, சாதியின் வரலாறா? இதே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கல்வெட்டை மட்டும் படித்தவனுக்கு அந்தத் தெரு தெரியாது. தெருவை மட்டும் படித்தவனுக்கு, அது யார் கையில் எப்படி வந்தது என்பது தெரியாது.

இப்படிப்பட்ட ஆய்வு சாத்தியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாஞ்சில்நாட்டுக்காரரான கே.கே. பிள்ளை அதைச் செய்து காட்டியிருக்கிறார். 1953-இல் கலாக்ஷேத்திர வெளியீடாக வந்த அவருடைய சுசீந்திரம் கோயில் பற்றிய ஆங்கில நூலில் தொன்மம், கல்வெட்டு, நிர்வாகம், கட்டடக்கலை, சிற்பம், வழிபாடு, திருவிழா, ஊழியர் வாழ்க்கை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. அவர் வரலாற்றுப் பேராசிரியர்தான். ஆனால் கோயில் எங்கெல்லாம் இட்டுச் சென்றதோ அங்கெல்லாம் அவருடைய வரலாறும் சென்றது.

சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊரான தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் பாடநூல் கவிஞராக மட்டுமே அறிவோம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. காந்தளூர்ச் சாலை குறித்து எழுதியவர். தாய்வழிச் சொத்துரிமையின் அவலத்தை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் அங்கதமாகப் பாடியவரும் அவர்தான். 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்ததன் பின்னணியை அறிய விரும்புபவன் அந்தக் கவிதையையும் படித்தாக வேண்டும், சட்டத்தையும் படித்தாக வேண்டும். நெல்லையில் நா. வானமாமலை ஆய்வுக்குழு ஒன்றைக் கூட்டி, 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியபோது, நாட்டார் பாடலும் வரலாறும் மானுடவியலும் அதில் ஒன்றாக இடம்பெற்றன. அந்த வேலை நடந்தது பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்பதை நாம் வெட்கத்துடன் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை என்ன? 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியைப் பக்கத்துக்குப் பக்கம் புகழ்கிறது. ஆசிரியர் நியமனத்துக்கான 2018-இன் மானியக்குழு விதிமுறைகளும் 'தொடர்புடைய', 'சார்ந்த' பாடங்கள் என்று ஓரளவு நெகிழ்வாகவே பேசுகின்றன. ஆனால் தகுதித் தேர்வை ஏதேனும் ஒரு பாடத்தில்தான் எழுத முடியும். தமிழகத்தில் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால், உங்கள் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானதா என்பதற்கு உயர்கல்வித் துறையின் அரசாணையைத் தேட வேண்டும். அரசாணை இல்லாவிட்டால் அந்தப் பட்டம் வெறும் காகிதம். மாணவனைச் சேர்க்கும்போது 'துறைகளின் எல்லையைக் கடந்து வா' என்கிறார்கள்; வேலை கேட்டு வந்தால் எல்லையில் நின்று சீட்டு கேட்கிறார்கள். முன்னுதித்த நங்கைக்கு மாநில எல்லையில் அணிவகுப்பு மரியாதை உண்டு. அவளைப் பற்றி ஆராய்பவனுக்குத் துறை எல்லையில் வழியில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. துறையிடை ஆய்வு என்ற பெயரில் நுனிப்புல் மேய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஃபூக்கோவை மேற்கோள் காட்டத் தெரிந்தவருக்கு வட்டெழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரிவதில்லை. களப்பணி என்றால் இரண்டு நாள் தங்கிப் புகைப்படம் எடுப்பது என்று நினைக்கிறார்கள். இவர்களை நானும் அறிவேன். ஆனால் இதற்கான பரிகாரம் தேர்வைக் கடினமாக்குவதுதான், வாசலை மூடுவதல்ல. இரண்டு துறைகளில் ஆராய்பவன் இரண்டு துறைகளின் சுமையையும் தாங்க வேண்டும். சுமையை அளந்து பார்க்காமல் சான்றிதழின் தலைப்பை மட்டும் பார்ப்பவர்கள் ஒழுங்கைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கறாராகக் கேட்போம். இத்தகைய முதுகலைப் படிப்பில் ஓர் எழுத்துமுறையும் இன்னொரு மொழியும் கட்டாயத் தேர்வாக வேண்டும். 2022-இன் விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்ட நிலையில், அந்தப் பயிற்சியை முதுகலையிலேயே பெற்றாக வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிடத் தொடர்புடைய துறைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வேண்டும். வேலைக்குத் தேர்வு செய்யும்போது பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், ஆய்வேட்டை எடுத்துப் படித்து, அவர் எதைக் கற்பிக்கத் தகுதியானவர் என்று முடிவு செய்ய வேண்டும். பேராசிரியர்கள் ஆய்வேடுகளைப் படிக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

அந்தப் பையன் இப்போது ஒரு வரலாற்றுத் துறையில் சேர்ந்திருக்கிறான். ஊர்வலம் தலைப்பிலிருந்து நீங்கிவிட்டது. நிலக்கொடைக் கல்வெட்டுகள் மட்டும் எஞ்சின. பயனுள்ள வேலைதான், நன்றாகவே செய்வான். ஆனால் அதற்கு முன் அவன் அம்மனோடு நடந்து போன ஒரு முதியவரிடம் பல மாலைகள் அமர்ந்து, எந்த ஊரில் இறக்கி வைப்பார்கள், அங்கே யார் எதிர்கொண்டு வருவார்கள், எந்தக் குடும்பத்துக்கு என்ன உரிமை என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தான். முதியவர் சென்ற ஆண்டு காலமானார். அந்த நோட்டுப் புத்தகம் பையனின் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதற்கு எந்தத் துறையிலும் இடமில்லை.