கட்டம் போட்டதெல்லாம் கார்பன் அல்ல

ஸ்கேல் மாடல் கார் கட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு மூடநம்பிக்கை பல வருஷமாக உலவுகிறது. யார் எவ்வளவு அதிகமாகக் கார்பன் ஃபைபர் டெக்கல் ஒட்டுகிறாரோ, அவர் அவ்வளவு பெரிய ஆள் என்பதுதான் அது. பானெட், கூரை, பின் விங், டேஷ்போர்டு, சீட்டின் முதுகு, எஞ்சின் மூடி... ஒரு இடம் பாக்கி இல்லாமல் கட்டம். கடைசியில், கைலி கட்டிக்கொண்ட கார் ஒன்று அலமாரியில் நிற்கும்!

கை தேர்ந்தவர்கள் எப்படியோ போகட்டும். முதல் கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் புதியவருக்கும் இதே உபதேசம்தான் கிடைக்கிறது. அவரும் தனியாகக் காசு கொடுத்து டெக்கல் தாள் வாங்குகிறார். இருப்பதிலேயே வளைவு அதிகமான பாகத்தில் ஆரம்பிக்கிறார். டெக்கல் சுருங்குகிறது, இழுத்தால் கிழிகிறது. கிட் பெட்டிக்குள் போகிறது, பெட்டி பரணுக்குப் போகிறது. தப்பு அவருடைய கையில் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கு

நிஜக் கார்களில் பரவலாகப் பயன்படும் கார்பன் துணியில் ஒரு இழைக்கற்றையின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். 1/24 அளவு மாடலில் அது 0.08 மில்லிமீட்டர் ஆகிவிடும். 1/20-ல் 0.1. பெரிய 1/12 மாடலில்கூட 0.17 தான். ஒரு டெக்கல் தாளில் கட்டம் அரை மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 1/24 காரில் ஒட்டினால் நிஜத்தில் அது 12 மில்லிமீட்டர் கட்டம். அந்த மாதிரி கார்பனில் கார் செய்வதில்லை, கயிற்றுக் கட்டில்தான் பின்னுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1/24 மாடலை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜக் காரை 7 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து 2 மில்லிமீட்டர் நெசவு, நல்ல கண்ணுக்கே தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும். அதாவது, பளிச்சென்று தெரியும் கார்பன் என்றாலே அது பொய்யான கார்பன்.

அடுத்தது சரித்திரம்

ஃபார்முலா 1-ல் முழுக்கக் கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு ஓடிய முதல் கார், ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1. வருஷம் 1981. அதே வருஷம் மோன்ஸாவில் ஜான் வாட்சன் பயங்கரமாக மோதினார். எஞ்சினே பிய்த்துக்கொண்டு போனது, மனுஷர் இறங்கி நடந்து வந்தார். கார்பனின் பெருமையைச் சந்தேகப்பட்டவர்களுக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வெளியில் தெரிந்தது என்ன? சிவப்பும் வெள்ளையும் பெயிண்ட்தான்! கார்பன் வேலை செய்வதற்காக வந்தது, வேஷம் கட்ட அல்ல.

1987-ல் வந்த ஃபெராரி எஃப்40-ஐப் பாருங்கள். கதவைத் திறந்தால் உள்ளே நெசவு அப்பட்டமாகத் தெரியும். வெளியே சிவப்பு. 2022-ல் ஃபார்முலா 1 காரின் குறைந்தபட்ச எடை 798 கிலோ. அதைத் தொடவே திண்டாடிய அணிகள், கிராம் கணக்கில் எடை குறைக்கப் பெயிண்ட்டைச் சுரண்டிக் கார்பனை அப்படியே விட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் அதில் கட்டமா தெரிந்தது? மங்கலான கறுப்பு, அவ்வளவுதான்.

"பார்க்க அழகா இருக்கே, அப்புறம் என்ன?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அவரவர் மாடல், அவரவர் இஷ்டம். பகானி மாதிரி, நெசவை நடுக்கோட்டில் அம்புக்குறி போலச் சேர்த்துக் காட்டுவதையே பெருமையாக வைத்திருக்கும் கார்களும் உண்டு. அந்தக் காரைக் கட்டுகிறவர் தாராளமாக ஒட்டட்டும். ஆனால் அழகுக்காக ஒட்டியதை "நிஜம் மாதிரி" என்று சொல்லி, புதியவர் தலையில் கட்டக்கூடாது.

"புதியவர் கார்பன் பக்கமே வரக்கூடாது" என்று மிரட்டும் இன்னொரு கோஷ்டியும் இருக்கிறது. அதுவும் அபத்தம். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. ஆழத்தில் தள்ளிவிடாமல் படித்துறையில் இறக்கினால் போதும்.

படித்துறை எது?

1) ஒரே ஒரு தட்டையான பாகம். பின் விங்கின் பக்கத் தகடு, அடித்தளம், டேஷ்போர்டின் நடுப்பட்டை, இப்படி ஏதாவது ஒன்று. நிஜக் காரின் புகைப்படத்தில் அங்கே கார்பன் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2) கிடைப்பதிலேயே மிகப் பொடியான நெசவு. டாமியாவே ப்ளெய்ன், ட்வில் இரண்டு நெசவிலும் பொடிசு, மிகப் பொடிசு என்று தாள் போட்டிருக்கிறது. ட்வில் என்றால் சாய்வுக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

3) அடியில் வழவழப்பான கறுப்பு பெயிண்ட், நன்றாகக் காய்ந்தது. சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளை பூக்கும்.

4) கண் அளவில் வெட்டக்கூடாது. பாகத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பில் பென்சிலால் தேய்த்து, அந்த வடிவத்தை வெட்டி எடுத்தால் அதுதான் அச்சு. டெக்கலை அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் மடிக்க இடம் கிடைக்கும்.

5) ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட், ஒட்டிய பிறகு மேலே மைக்ரோ சால். இரண்டாவதைத் தடவியதும் டெக்கல் கன்னாபின்னாவென்று சுருங்கும். புதியவர்கள் பதறிப்போய்த் தொட்டுக் கிழிப்பது இங்கேதான்! தொடவே கூடாது. பெரும்பாலும் காயும்போது தானாகவே படிந்துவிடும். மிச்சம் நிற்கும் குமிழை ஊசியால் குத்தி, இன்னொரு சொட்டு விட்டால் போதும்.

6) ஒரு நாள் காய்ந்த பிறகு க்ளியர் கோட். முதல் இரண்டு கோட் பனி மாதிரி மெலிதாக. ஈரமாக அடித்தால் டெக்கலே கரைந்து சுருங்கக்கூடும்.

ஒரு தகடு ஒழுங்காக வந்துவிட்டால், அடுத்த காரில் வளைவுக்குப் போகலாம். இரண்டு அங்குலத் தகட்டில் கற்றதுதான் பானெட்டிலும் உதவும். மற்ற இடமெல்லாம் வெறும் அரைப்பளபளப்புக் கறுப்பாக இருக்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏழு மீட்டர் தூரத்தில் நிஜக் காரும் அப்படித்தான் தெரிகிறது.

பி.கு.: "இன்னும் கொஞ்சம் கார்பன் போட்டிருக்கலாமே" என்று யாராவது கேட்டால், அந்தக் காரின் நிஜப் புகைப்படத்தை நீட்டி "எங்கே?" என்று கேட்டால் போதும். :-)