தேதி கொடுத்தது யார்?

சரக்கு நேரத்துக்குப் போகவில்லையா, ஒரு ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் வாங்கிப் போடு. சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. திரையில் மெஷின் வாரியாகப் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள் ஓடினால் தாமதம் ஒழிந்துவிடுமாம். விற்பவர் அப்படிச் சொல்வது அவர் பிழைப்பு. பணம் கட்டுகிறவர் நம்புவதுதான் வியப்பு.

காரைக்கால் நெடுங்காட்டில் வயல் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது காலங்காலமாக உள்ள அட்டவணை. 2024-இல் அணை திறந்தது ஜூலை 28. காவிரி நீரில் காரைக்காலின் பங்கு 7 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. ஆனாலும் மேலே தண்ணீர் இல்லாத வருடம் கடைமடை காய்கிறது. அட்டவணையில் பிழை இல்லை. அணையில் தண்ணீர் இல்லை.

பட்டறையிலும் இதே கதைதான். பார்ட்டி போனில் கெஞ்சுகிறார். “வெள்ளிக்கிழமை அனுப்பிடுறேன்” என்கிறார் முதலாளி. எந்த லேத்தில் எத்தனை நாள் வேலை தேங்கிக் கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஆர்டர் தாமதமானது அந்த நிமிடத்தில். திட்டு விழுவது சூப்பர்வைசருக்கு. இதோடு கணினியில் டை மாற்ற அரை மணி என்று பதிந்திருக்கும், நிஜத்தில் இரண்டு மணி ஆகும். பொய்க் கணக்கைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் பொய்த் தேதியைத்தான் கொடுக்கும், அதுவும் வண்ணத்தில். இன்னொன்று: ஒரு மெஷின் முழுக்க நிரம்ப நிரம்ப, அதன் முன்னால் காத்திருப்பு பல மடங்காக ஏறும். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கு எந்த அட்டவணையும் உதவாது.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தையல் மெஷின்கள் இருந்தன, ஆர்டர் இருந்தது, சாயம் போட்ட துணிதான் இல்லை. எந்தக் கட்டத்தை இழுத்து எங்கே வைத்திருந்தால் அந்தத் துணி வந்திருக்கும்?

பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் தப்பினார்களா? அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-இல் சுமார் 11 கோடி டாலர் செலவழித்துப் புது மென்பொருள் போட்டது. நான்கு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்க அவசரப்பட்டதன் பலன், ஹாலோவீன் பண்டிகைக்குச் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. சாக்லேட் கிடங்கில் இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாட்சி எலியாகு கோல்ட்ராட். இஸ்ரேல் இயற்பியலாளரான அவர் விற்றதே உற்பத்தி அட்டவணை மென்பொருள்தான். 1984-இல் ‘தி கோல்’ என்ற நாவலை எழுதினார். ஆலையின் வேகத்தை ஓர் இடத்து நெரிசல்தான் தீர்மானிக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடி என்பதுதான் அதன் சாரம். மென்பொருள் வாங்காமல், புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வேலையில் இறங்கியவர்களே வேகமாகப் பலன் கண்டார்கள் என்று பிறகு அவரே எழுதினார். விற்றவரே கொடுத்த வாக்குமூலம் இது.

நூற்றுக்கணக்கான ஜாப், பல பிரிவுகள் என்று உள்ள ஆலைக்குக் கணினி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று மாதத்தில் தாமதமான ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மெஷின் முன்னால் நின்றது, எதற்காக நின்றது, தேதி கொடுத்தது யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதிக்கு மேல் உங்கள் பெயரே வந்தால், சாஃப்ட்வேர்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.