பி.பி.ஏ. பட்டத்துக்கு எது தகுதி? வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

வணிக நிர்வாகவியல் இளநிலைப் பட்டம், அதாவது பி.பி.ஏ., பெறுவதற்கான நிபந்தனைகள் பற்றி வாசுதேவநல்லூர் வட்டாரத்துப் பெற்றோரும் பழைய மாணவர்களும் சிறு வியாபாரிகளும் கூடிய மன்றம் தன் நிலைப்பாட்டை இங்கே வைக்கிறது. சேர்வதற்கு நுழைவுத்தேர்வு எதுவும் கூடாது. பிளஸ் டூ தேர்ச்சி போதும். ஆனால் பட்டம் வாங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு கடையிலோ மண்டியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்தது ஆறு வாரம் இருந்து, அந்த இடத்து வரவு செலவைத் தன் கையால் எழுதிக் காட்டியிருக்க வேண்டும். முதல் நிபந்தனையை யாரும் கடுமையாக்கக் கூடாது. இரண்டாவதை யாரும் தளர்த்தக் கூடாது.

இன்றைக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி 140 கிரெடிட். தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள், திறன் பாடங்கள், பிறகு என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி என ஐந்து பகுதியாக அது பிரிந்திருக்கிறது. ஒரு தாளுக்கு உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி. வருகை 75 சதவீதம் இல்லையென்றால் ஹால் டிக்கெட்டுக்கு அலைய வேண்டும்.

இந்த 40 என்ற எண்ணைப் பிள்ளைகளிடம் சேர்கிற அன்றே எடுத்துச் சொல்ல வேண்டும். டான்செட் எழுதி எம்.பி.ஏ. சேர பட்டத்தில் 50 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. அரியர் இல்லாமல் முடித்தால் போதும் என்று மூன்று ஆண்டைக் கடத்தியவர், கையில் பட்டம் இருந்தும் மேலே படிக்க வழியில்லாமல் நிற்கிறார். யாராவது முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கும்.

வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசிப் பக்கம் போனால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் விதி. வடக்கே ராஜபாளையம் பேருந்தில் ஏறினால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் விதி. ஒரே தெருவில், ஒரே பட்டத்துக்கு, இரண்டு தேர்வு அட்டவணை, இரண்டு ஒழுங்குமுறை. இடையில் குடும்பம் ஊர் மாறினால் எந்தப் பாடம் ஈடாகும், எது ஆகாது என்று கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றாகிவிட்ட பிறகு இந்த அலைச்சல் தேவையில்லை.

இவற்றையெல்லாம் விட மன்றத்தை வருத்துவது தொழிற்பயிற்சிதான். நான்காம் செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. அதற்குக் கிரெடிட்டும் தருகிறது. நடப்பது வேறு. தெரிந்தவர் கடையின் முத்திரை குத்திய ஒரு சான்றிதழ், பழைய மாணவரிடம் வாங்கிப் பெயர் மாற்றி அச்சடித்த ஓர் அறிக்கை, இரண்டு நிமிட வாய்மொழித் தேர்வு. இப்படி முடிகிற இடங்கள் நிறைய. கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது.

இத்தனைக்கும் வணிகம் கற்க இந்த வட்டாரத்தைப் போல இடம் கிடைப்பது அரிது. பக்கத்து ஊரான புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தை கேரளம் வரை பேர் போனது. கோடையில் ஏறிய விலை மழைக்காலத்தில் இறங்கிவிடும். அங்கே ஒரு மாணவி கையில் நோட்டோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 60 ரூபாய்க்கு 500 கிலோ எடுத்தால் 30,000 ரூபாய். கமிஷன், ஏற்றுகூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 2,900 என்று வைத்தால் 32,900. போய்ச் சேரும்போது அடிபட்டதும் அழுகியதும் வாடியதுமாக 30 கிலோ கழிந்தால் மிச்சம் 470 கிலோ. ஆக, கிலோ 70 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட காசு வரும். 65 ரூபாய்க்கு விற்று ஐந்து ரூபாய் லாபம் என்று நினைத்தவர் உண்மையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறார். அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் ‘இயல்பான இழப்பு’ என்று வருகிற பகுதி இதுதான். சந்தையில் ஒரு காலை நின்று இதைப் போட்டுப் பார்த்தவருக்கு அந்தப் பாடம் தேர்வு முடிந்தும் மறக்காது.

குற்றாலத்தில் வேறு பாடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் கூட்டமும். அந்தச் சீசன் வருமானத்தை வைத்துக்கொண்டு கடை வாடகையும் வட்டியும் ஆண்டு முழுக்கக் கட்ட வேண்டும். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாளில் பழக்கடை முதல் விடுதி வரை கல்லா காலி. கையில் ரொக்கம் இருப்பதும் லாபம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையும் காட்டாது. வாசுதேவநல்லூருக்கும் சொந்த அனுபவம் உண்டு. இங்கே சர்க்கரை ஆலை ஓடியதையும் பார்த்தோம், வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் கேட்டு விவசாயிகள் போராடியதையும் பார்த்தோம். நடைமுறை மூலதனம் என்ற தலைப்பில் ஆய்வு அறிக்கை எழுத இந்த மண்ணின் மாணவர் எங்கோ ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாயின் வாரக் கணக்கை மகள் எழுதினாலும் அது ஆய்வுதான்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ‘இரட்டைக் கல்வி’ முறைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மாறி மாறி மூன்று ஆண்டில் வணிகப் பட்டம் முடிக்கிறார்கள். 1974-இல் அங்கே தொடங்கிய தொழிற்கல்விக் கழகங்களின் தொடர்ச்சி அது. அந்த அளவு நாம் கேட்கவில்லை. ஆறு வாரம் கேட்கிறோம்.

பட்டமே எதற்கு என்ற கேள்வி தென்காசியில் அடிக்கடி எழுவது இயல்பு. மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ, பட்டம் கேட்காமல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையும் தருகிறது. அந்த முயற்சியை மன்றம் மதிக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் எடுக்கக்கூடிய பிள்ளைகள் சிலர்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 எழுதவும், வங்கி அதிகாரி தேர்வு எழுதவும் பட்டம் வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளையிடம் பட்டம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்திருக்கிறது. தரம் பார்ப்பதை மன்றம் எதிர்க்கவில்லை. ஒப்புதலுக்கு ஆகும் செலவு சிற்றூர்க் கல்லூரிகளின் கட்டணமாக மாறி மாணவர் தலையில் விழக் கூடாது. இதையே காரணமாகக் காட்டி நாளைக்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு ஒன்றைப் புகுத்தவும் கூடாது. கலைப் பிரிவிலும் தொழிற்பிரிவிலும் படித்த பிள்ளைக்கு இன்று திறந்திருக்கும் கதவு அப்படியே இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு, மூன்று ஆண்டுக்கு 120 கிரெடிட்டும் நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டும் குறிக்கிறது. நான்காம் ஆண்டு விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும். பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு இன்னொரு ஆண்டு என்பது லேசான விஷயமில்லை. முதல் ஆண்டோடு சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பும் ஏற்பாட்டையும் மன்றம் ஏற்கவில்லை. அதில் முதலில் வெளியேறப் போவது ஏழைப் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பலரைப் படிப்பில் பிடித்து வைத்திருப்பது அந்தத் தொகைதான். பயிற்சி செய்யும் ஆறு வாரத்துக்குப் பேருந்து, சாப்பாட்டுச் செலவாக ஒரு சிறு தொகையை அரசு கூடுதலாகத் தர வேண்டும். மாணவிகளுக்குப் பயிற்சி இடத்தைக் கல்லூரியே நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புகளும் இதற்கு ஏற்ற இடங்கள்.

பயிற்சி அறிக்கையைத் தமிழில் எழுத அனுமதி வேண்டும். அதோடு மாணவர் தன் கையால் எழுதிய நாள்குறிப்பும் கணக்கு நோட்டும் இணைக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் கடைக்காரரோ மண்டிக்காரரோ ஒருவர் ஆசிரியரோடு உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களும் உயர்கல்வித் துறையும் இதை வரும் கல்வியாண்டிலேயே விதியாக்க வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொள்கிறது.

விதி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி வட்டாரத்து வியாபாரிகளே, வரும் கோடையில் ஆளுக்கு இரண்டு பி.பி.ஏ. மாணவரைக் கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கணக்கு நோட்டைத் திறந்து கொடுங்கள். வராத பிள்ளைக்கு முத்திரை போட்டுக் கொடுக்காதீர்கள்.