கண்ணாடியில் தெரிந்த ஜடை

சித்திரை பிறந்து பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், ஆண்டு முழுவதும் அமைதியாகக் கிடந்த வீடுகளில் பேரக்குழந்தைகளின் காலடியோசை நிறைந்து விடுகிறது. குலதெய்வத்துக்குப் பொங்கலிட, ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிக்க, பாட்டி கையால் உண்ண என்று பல ஊர்களில் பிரிந்து கிடக்கும் குடும்பம் ஒன்று கூடுகிறது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த இரண்டொரு நாளில், ‘ஒரு படம் எடுத்துக் கொள்வோம்’ என்ற பேச்சு எழாத வீடு இல்லை. அப்பேச்சு எழுந்தவுடன் பாட்டிமார்களின் பார்வை முதலில் செல்வது குழந்தைகளின் தலைமுடியின் மீதுதான்.

மல்லிகை மலிந்து வரும் பருவமும் இதுவே. மார்கழி, தை மாதப் பனியில் கைக்கெட்டாத விலைக்கு விற்கும் மொட்டு, கோடையில் கூடை கூடையாகச் சந்தைக்கு வருகிறது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மட்டுமன்றி, அந்தந்த ஊர்த் தோட்டத்து மல்லியும் அப்போது மணக்கும். ஆகவேதான் பூத்தையல் என்னும் அழகிய வழக்கம் கோடை விடுமுறையோடு இணைந்து வளர்ந்தது.

அதற்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். காலையில் பறித்த மொட்டுகளை அவை மலரும் முன்பே தைத்து முடித்தாக வேண்டும். குழந்தையின் கூந்தலை வாரி, நீளம் போதாவிடில் சவுரி சேர்த்துப் பின்னுவர். பின்னலின் மேலேயோ, அதன் அளவுக்கு நறுக்கிய வாழைப்பட்டையின் மேலேயோ, மொட்டுகளை ஊசியாலும் நூலாலும் வரிசை வரிசையாகத் தைப்பர். இடையிடையே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் நிறம் கூட்டும். உச்சியில் ராக்கொடி, வகிட்டின் இருபுறமும் சூரியப் பிறை, சந்திரப் பிறை, நெற்றியில் சுட்டி, நுனியில் குஞ்சலம். எல்லாம் முடிந்த பின் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் செல்வர். அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கும். முகமும் பின்னலும் ஒரே படத்தில் விழும்படி, அதன் அருகே குழந்தையைச் சற்றுத் திருப்பி நிறுத்திப் படம் எடுப்பர். குலதெய்வத்துக்கு முடி காணிக்கை செலுத்தும் முன், ஆண் குழந்தைகளுக்கும் பாவாடை கட்டி, ஜடை பின்னிப் பூச்சூட்டிப் படம் எடுத்து வைத்த குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய படம் ஒன்றேனும் இல்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது.

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியின் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு படம் தொங்குகிறது. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஏழு வயதில் அவருடைய மகள் பூத்தைத்து நின்ற படம். வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டி, “கண்ணாடியில் பாருங்கள், ஒரு மொட்டாவது வரிசை தப்பியிருக்கிறதா?” என்று கேட்பது பாட்டியின் வழக்கம்.

அந்த மகளின் மகளுக்கு இப்போது ஏழு வயது. விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் குடும்பத்தோடு படம் எடுப்பதாக ஏற்பாடு. தாயைப் போலவே பேத்தியையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாளைய ஆசை. பூக்காரம்மாவிடம் மொட்டுக்குச் சொல்லியாயிற்று. வாழைப்பட்டையும் சவுரியும் பரணிலிருந்த நகைப் பெட்டியும் கூடத்துக்கு வந்து விட்டன. சுவரில் இருந்த படத்தைப் பேத்தி நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, “பாட்டி, அம்மா ஏன் அழுதிருக்கிறாள்?” என்று கேட்டாள்.

“அழவில்லையடி கண்ணு, விளக்கு வெளிச்சம் கூசியிருக்கும்” என்றார் பாட்டி.

அடுக்களையிலிருந்து வந்த மகள் கையைத் துடைத்தவாறே சொன்னாள்: “அழுதேன் அம்மா. காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பூ கசங்கும் என்று சுவரில் சாயக்கூட விடவில்லை. தலை விண்விண்ணென்று வலித்தது. ஸ்டூடியோவில் சிணுங்கியபோது நீ தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாய். உனக்கு நினைவிருக்காது.” அவள் சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். குரலில் குறையேதும் இல்லை.

பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்து கொண்டு படத்தின் அருகே சென்றார். இமைகள் வீங்கியிருந்தன. கீழுதட்டைக் குழந்தை பல்லால் அழுத்திக் கொண்டிருந்தது. அத்தனை ஆண்டுகளாகத் தாம் பார்த்து வந்தது கண்ணாடியில் தெரிந்த ஜடையை மட்டுமே என்பதும், அதன் எதிரே நின்ற முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கின.

இதில் அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அந்நாளில் ஒரு படம் என்பது எளிதில் கிட்டுவதன்று. பூவுக்கும் ஸ்டூடியோவுக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மாமியாரின் கட்டளை, உறவினரின் எதிர்பார்ப்பு. படம் நன்றாக வந்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் எத்தனையோ தாய்மார் அவ்வாறே கிள்ளியிருக்கின்றனர். அன்பு இல்லாமல் அன்று. அழகின் மீது வைத்த கண், அந்த அழகைச் சுமக்கும் குழந்தையின் மீது வைக்க மறந்ததே காரணம்.

இந்த இடத்தில் பெரியாழ்வாரை நினைக்காமல் இருக்க முடியாது. பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், அவர் யசோதையாகவே மாறிக் கண்ணனை நீராட்டுகிறார், குழல் வாருகிறார், பூச்சூட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருமொழி. அவற்றைப் பக்தியோடு சேவிக்கும் நாம், தாய் என்ன செய்கிறாள் என்பதையும் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். புழுதியும் வெண்ணெயும் பூசிய மேனியோடு ஓடும் பிள்ளையை அவள் இழுத்து வந்து நீராட்டவில்லை. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக் கொண்டு, பாலும் வெல்லமும் சேர்த்த சிற்றுண்டி செய்து வைத்திருப்பதாக ஆசை காட்டி அழைக்கிறாள். குழல் வாரும்போது காக்கையைக் கூப்பிடுகிறாள். ‘காக்காய், இவன் குழலை வார வா’ என்று அவள் பாட, குழந்தை காக்கையைப் பார்த்திருக்கும் நேரத்தில் சிக்கெடுத்து வாரிவிடுகிறாள். பூச்சூட்டும்போது செண்பகம், மல்லிகை, பாதிரி, இருவாட்சி என்று ஒவ்வொரு பூவாகப் பெயர் சொல்லி வேண்டுகிறாள். உலகை அளந்த பரம்பொருளே ஆயினும், பிள்ளையாக வந்து விட்டால் அவனைக் கெஞ்சித்தான் தலை வார வேண்டும் என்பது ஆழ்வார் காட்டும் தாய்மை. அங்கே அதட்டலுக்கு இடமில்லை.

அன்று மாலை பாட்டி பேத்தியை அருகில் அழைத்து, “உனக்கு எப்படிப் பின்னினால் பிடிக்கும்?” என்று கேட்டார். அவ்வீட்டில் ஒரு குழந்தையிடம் அக்கேள்வி கேட்கப்பட்டது அதுவே முதன்முறையாக இருக்கலாம். “இரட்டைப் பின்னல். பூ கொஞ்சம் போதும் பாட்டி. ஓடும்போது விழக்கூடாது” என்று விடை வந்தது.

மறுநாள் அப்படியே நடந்தது. அனுபவமுள்ள தாய்மார் பலரும் கைக்கொள்ளும் முறை அதுதான். விடுமுறையில் பேரக்குழந்தைகளைப் படத்துக்கு ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது பயன்படும்.

எண்ணெய்க் குளியலை முதல் நாளே முடித்து விடுவது நலம். படம் எடுக்கும் அன்று தலை நனைந்தால், உலர்வதற்குள் பொறுமை போய்விடும். ஈர முடி எளிதில் அறுபடும் என்பதால், அது உலரும் முன் இறுக்கிப் பின்னுதல் கூடாது. பேன் இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே பார்த்து நீக்கிவிட வேண்டும். பையன்களுக்கு முடி திருத்துவதை இரண்டு மூன்று நாள் முன்பே செய்தால், வெட்டிய அடையாளம் மறைந்து இயல்பாக இருக்கும். பழக்கமில்லாத புதிய எண்ணெய், தைலம் முதலியவற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தடவுவது தவறு. சில குழந்தைகளின் தோலுக்கு அவை ஒவ்வாமல் சிவந்து தடிப்பதுண்டு.

சிக்கெடுக்கும்போது பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே செல்ல வேண்டும். சீப்புப் படும் இடத்துக்கு மேலே முடியை ஒரு கையால் பற்றிக் கொண்டால் இழுப்பு மண்டையை எட்டாது. உச்சியிலிருந்து ஒரே வீச்சில் இழுப்பதால்தான் குழந்தைகள் சீப்பைக் கண்டதும் ஓடுகின்றன. பின்னி முடித்ததும் புருவம் மேலே இழுபட்டுத் தெரிந்தால் பின்னல் இறுகிவிட்டது என்று பொருள். அடிக்கடி இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து முடி மெலிந்து உதிர்ந்து விடும் என்று மருத்துவர்களும் எச்சரிக்கின்றனர். ஏழு வயதுக் கழுத்துக்குச் சவுரியும் குஞ்சலமும் ராக்கொடியும் சேர்ந்த பாரம் மிகுதி. ஒரு முழம் மல்லிகைச் சரம் போதும். அதுவும் நெருக்கமாகக் கட்டிய இலேசான சரமாக இருத்தல் நன்று. முடி குட்டையாக வெட்டப்பட்ட குழந்தைக்கு, காதோரத்தில் ஊசியில் செருகிய நான்கு பூவே அழகு. சுருட்டை முடியை எண்ணெய் வழிய அழுத்திப் படிய வைக்க வேண்டியதில்லை. அது தாத்தாவின் வழியில் வந்த சொத்தாகக்கூட இருக்கலாம். காணிக்கை செலுத்தி மொட்டையடித்த தலைக்குத் தொப்பி போட்டு மறைக்கவும் வேண்டாம். சந்தனம் பூசிய அத்தலை, தெய்வத்தின் முன் குனிந்த தலை. படத்தில் அது அப்படியே இருக்கட்டும்.

குழந்தை உண்டு உறங்கி எழுந்த வேளையே படத்துக்கு உகந்தது. முதலில் குழந்தைகளை எடுத்துவிட்டு, பெரியவர்கள் பிறகு வரிசையில் நிற்கலாம். சேலை மடிப்பும் வேட்டிக் கரையும் சரிசெய்யும் வரை குழந்தை காத்திருப்பது கடினம். காலை வெயில் சாய்ந்து விழும் திண்ணையே போதும். இக்காலத்தில் கைப்பேசியில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா? ஒரு படத்துக்காகக் கிள்ள வேண்டிய காலம் போய்விட்டது.

வாங்கிய மொட்டுகள் வீணாகவில்லை. முதல் நாள் போட்ட திட்டப்படியே பாட்டி வாழைப்பட்டையில் அவற்றைத் தைத்தார். பேத்தி பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு மொட்டாக எடுத்துக் கொடுத்தாள். அலுத்தபோது எழுந்து ஓடினாள். அந்த ஜடை அன்று மாலை ஊர்க் கோயிலில் அம்பாளுக்குச் சார்த்தப்பட்டது. குருக்கள் தீபாராதனை காட்டி, பின்புற அலங்காரம் தெரியும்படி சிறு கண்ணாடியைப் பிடித்துக் காட்டியபோது, “நான் கொடுத்த பூ!” என்று குழந்தை கூவியது. எத்தனை கனமான ஜடையையும் அன்னை ஏற்றுக் கொள்வாள். குழந்தையால் அது இயலாது என்பதையும் அவள் அறிவாள்.

இதற்கு முன், படம் எடுக்கும் நேரத்தில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேத்தியின் பின்னல் முடிந்ததும் அவள் எழுந்து ஓடிய இடத்தில், அவளுடைய தாய் வந்து அமர்ந்தாள். “எனக்கும் வாரி விடு அம்மா” என்றாள். நரை கலந்திருந்த அந்தக் கூந்தலைப் பாட்டி நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் ஆயிற்று. “வலிக்கிறதா?” என்று இரண்டு முறை கேட்டார். “இல்லை அம்மா” என்று இரண்டு முறையும் பதில் வந்தது. வேறெதுவும் பேசவில்லை.

இரவு பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்து, பேத்திக்கும் மகளுக்கும் சேர்த்தே திருஷ்டி சுற்றினார்.

புதிய படம் இப்போது பழைய படத்தின் பக்கத்தில் தொங்குகிறது. அதில் பேத்தியின் ஒரு பின்னல் முன்னும் மற்றொன்று பின்னுமாகக் கிடக்கிறது. பூச்சரம் பாதி நழுவியிருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு. முன்வரிசைப் பல் ஒன்று இல்லை. பழைய படத்தைக் கழற்றி விடலாம் என்று மகள் சொன்னபோது பாட்டி இசையவில்லை. வருவோர் போவோருக்கு இன்றும் அதைக் காட்டுகிறார். ஆனால் கண்ணாடியைப் பார்க்கச் சொல்வதில்லை.

“இந்த முகத்தைப் பாருங்கள்” என்கிறார்.