கம்பத்துக்குக் கணக்கு உண்டு, கூலிக்கு?

தோழா!

நாடகக் கொட்டகை காற்றிலே சரிந்தால், முறிந்த கம்பங்களை எண்ணுவார்கள். கிழிந்த திரையை அளப்பார்கள். அன்றிரவு ஆடாமற்போன நடிகனின் வீட்டிலே எரியாத அடுப்பை எவரும் எண்ணுவதில்லை. மேடையிலே வளர்ந்தவன் நான். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதே கணக்கைத்தான் ஒடிசாவின் பூரிக் கடற்கரையிலும் போட்டார்கள்.

கோயிலையும் கடலையும் காண வருவோரை நம்பி வாழும் ஊர், பூரி. விடுதிப் பணியாளும், ரிக்‌ஷாத் தொழிலாளியும், சிப்பிப் பொருள் விற்கும் தாயும், கடலாடுவோரைக் காத்திடும் மீனவனும் வெளியூரார் வந்தால்தான் உண்பார்கள். 2019 மே 3ஆம் நாள் அங்கே கரையேறிற்று ஃபானி புயல். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம், இம்முறை பன்னிரண்டு இலட்சம் மக்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றிற்று. மாண்டவர் 64 பேர். உயிர் காத்த திறனைப் போற்றுவோம். ஆனால், காத்த உயிருக்குச் சோறு?

மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருள். கோடை விடுமுறையிலே கூட்டம் நிறையவேண்டிய கரை வெறிச்சோடிற்று. அந்நாளைய துயர்துடைப்பு விதி, வாழ்வாதாரம் இழந்தோருக்கு என்ன தந்தது தெரியுமா? பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45! அதுவும் குறித்த சில நாட்களுக்கு மட்டும். இதுவா கூலி? இதுவா வாழ்வு?

ஒடிசா அரசும், உலக வங்கியும், ஆசிய வளர்ச்சி வங்கியும், ஐக்கிய நாடுகள் அமைப்பும் கூடிக் கணக்கிட்ட சேதமும் இழப்பும் 24,176 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து டில்லி ஒப்புதல் அளித்தது 3,338.22 கோடி. ஏழில் ஒரு பங்குகூட நிறையவில்லை!

விடுதி அறை வாடகையின் மீதான சரக்கு சேவை வரியிலே சரிபாதி மத்திய அரசின் பெயரால் வசூலாகிறது. வரவிலே சரிபாதிப் பங்காளி, இழப்பிலே ஏழிலொன்றுக்கும் எட்டாத விருந்தாளியா? கேட்கிறேன் தோழா, இது நியாயமா?

"விடுதி முதலாளிகளுக்கு மக்கள் பணமா?" என்பார் உண்டு. முதலாளிக்குக் காப்பீடு உண்டு, வங்கிக் கடன் உண்டு. அவருக்காக நாம் வாதாடவில்லை. பொதுப்பணம் சாலைக்கும், விளக்குக்கும், கரைக்கும், வேலையிழந்தவன் கூலிக்கும் செல்லட்டும் என்கிறோம்.

15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான பேரிடர் நிதியிலே, மீட்புக்கும் மறுசீரமைப்புக்கும் நூற்றுக்கு முப்பது பங்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. நல்ல தொடக்கம், அது போதாது. சுற்றுலா வரியிலே ஒரு பகுதி, புயலுக்கு முன்பே, அந்தந்தக் கரையின் பெயரால் சேமிக்கப்படவேண்டும். அதைச் செலவிடும் உரிமை மாநிலத்திடம் இருக்கவேண்டும். முதற்பங்கு கூலியாளுக்குச் சேரவேண்டும்.

பூரியின் கதை நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதே. மாமல்லபுரமும் இராமேசுவரமும் குமரிமுனையும் அதே விதிப்புத்தகத்தின் கீழ்தான் கிடக்கின்றன. காற்று மாநிலம் பார்த்து வீசுவதில்லை, தோழா! ஊர்தோறும் இதைச் சொல். அடுத்த புயலுக்கு முன்னே அடுப்பையும் கணக்கிலே ஏற்றுவோம்!