செய்வினைக்கு எழுவாய் யார்?

மும்பை ஹார்பர் வழித்தடத்தில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ளது திலக் நகர் நிலையம். அவ்வழியே ஓடும் மின்ரயில் பெட்டிகளின் சுவர்களில் பல்லாண்டுகளாக ஒட்டப்பட்டுவரும் ‘பாபா பெங்காலி’ வகைச் சிறுதாள்களை அப்பகுதித் தமிழர் நன்கறிவர். காதல் தோல்வி, கணவன் மனைவி பிணக்கு, வேலையின்மை, தீராத நோய் ஆகியவற்றை ஒரே மூச்சில் அடுக்கும் அத்தாள்களில் ‘கரணி’ என்னும் சொல் அடிக்கடி தென்படும். மராத்தியிலும் இந்தியிலும் ‘செய்’ என்று பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் அது. அதே நிலையத்தில் இறங்கும் தமிழர் அதனைச் ‘செய்வினை’ என்பர். வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் ஒரு நம்பிக்கைக்கு ஒரே முறையில் பெயரிட்டிருக்கின்றன: யாரோ ஒருவர் செய்தது.

இப்பதிவு அந்த ‘யாரோ ஒருவர்’ பற்றியது.

அண்மைக்காலமாகக் கல்விப்புலத்தில் ஒரு பேச்சு வலுப்பெற்று வருகிறது. உடலைத் தொட்டு, நீவி, அழுத்தி வலி போக்கும் நாட்டு வைத்தியத்தையும், பில்லி, சூனியம், ஏவல் நீக்கும் சடங்குகளையும் ஒருசேரச் செய்பவரை ‘முழுமை மருத்துவர்’ என்று கொண்டாடும் பேச்சு அது. உடலையும் மனத்தையும் பிரித்தது மேற்கின் பிழை என்றும், இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பது மக்கள் அறிவு என்றும், இவ்விணைப்பைக் குறைகூறுவது காலனிய மனநிலை என்றும் கருத்தரங்குகளில் கேட்கிறது. கேட்க இனிமையான வாதம். ஆனால் அது பிழையானது. அப்பிழைக்கு விலை கொடுப்பவர் கருத்தரங்கில் அமர்ந்திருப்பவர் அல்லர்.

முதலில், கைகள் செய்யும் வேலையைத் தனியே பார்க்க வேண்டும். சுளுக்கு வழித்தல், குடல் தட்டுதல், குழந்தைக்கு உரம் எடுத்தல் ஆகியவை தமிழ்நாட்டின் ஊர்கள் தோறும் உள்ளவை. அங்கிருந்து தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிபெயர்ந்தவர்களோடு உடன் வந்தவை. சித்த மருத்துவம் இதனைத் ‘தொக்கணம்’ என்று பெயரிட்டு ஒன்பதாக வகுத்தது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் சித்த மருத்துவம் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. இந்த ஒன்பதும் தொழிற்பெயர்கள். ஒன்பதுக்கும் செயப்படுபொருள் உடல். செய்பவர் எதிரே அமர்ந்திருக்கும் வைத்தியர். மூன்றாம் ஆள் ஒருவருக்கு இவ்வாக்கியங்களில் இடமே இல்லை. வர்ம மரபும் அவ்வாறே: அடி எங்கே பட்டது என்று அது கேட்கும், அந்த இடத்தை இளக்கும்.

பிறகு சடங்கு எவ்வாறு உள்ளே நுழைகிறது? பெரும்பாலும் ஒரு சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டு நுழைகிறது. ‘பிடி’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம். இடுப்புப் பிடித்துக்கொள்கிறது, மகள் காலைப் பிடித்துவிடுகிறாள், பேயும் பிடிக்கிறது. ‘கட்டு’ எலும்பு முறிவுக்கும் உண்டு. மந்திரவாதியின் உடற்கட்டு, திசைக்கட்டுக்கும் உண்டு. ‘எடு’ இவற்றினும் வழுக்கலானது: சுளுக்கு எடுத்தல், உரம் எடுத்தல், தொக்கம் எடுத்தல், இடுமருந்து எடுத்தல், செய்வினை எடுத்தல். நரம்பை நீவிய அதே கை, அதே பாயில், அதே வினைச்சொல்லோடு, உடலிலிருந்து பகையை ‘எடுத்து’க் காட்டுகிறது.

இதனால் தமிழ் பேசுவோர் வலியையும் பேயையும் பிரித்தறியாதவர் என்று முடிவுகட்டினால் அது மொழியியலுக்கே இழுக்கு. சளி பிடித்ததற்காக எவரும் பூசாரியை அழைப்பதில்லை. சொல் ஒன்றாயினும் பொருள் பல என்பதைப் பேசுவோர் நன்கறிவர். ஆகவே, ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்ட, வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். நோயாளி சற்றே இளகிப் படுத்திருக்கும் வேளையில் அக்கேள்வி வருகிறது: “யார் வீட்டிலாவது சாப்பிட்டீர்களா? யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?”

தமிழில் வலியின் இலக்கணத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. ‘எனக்கு வலிக்கிறது’ என்கிறது தமிழ். வலிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். செய்பவர் என்று எவரும் இல்லை. பசிக்கிறது, குளிர்கிறது, தலை சுற்றுகிறது ஆகியவையும் அத்தகையனவே. எவரும் செய்யாமல் உடலுக்கு நேர்வதை எவரும் செய்யாததாகவே சொல்லும் வாய்ப்பை மொழி வழங்கியிருக்கிறது. மந்திரவாதி அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுகிறார். அவருடைய கலைச்சொற்கள் இரண்டும் இலக்கண நூலிலும் உள்ளவை: செய்வினை, ஏவல். செய்வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும். ஏவலுக்கு ஏவுபவர் ஒருவர் வேண்டும். எவரும் செய்யாத வலிக்கு அவர் ஓர் எழுவாயைத் தேடித் தருகிறார். அவர் விற்கும் சரக்கு அதுதான். தேங்காயும் எலுமிச்சையும் தாயத்தும் அதன் பொதிகாகிதம்.

அந்த எழுவாய் யார்? இடுமருந்து உணவில் கலந்து வைக்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது. அப்படியாயின் ஐயம் யார்மீது விழும்? சோறு சமைத்துப் பரிமாறுகிறவர் மீது. மருமகள், மாமியார், நாத்தனார், ஓரகத்தி, அண்டை வீட்டுக் கைம்பெண். கதையின் அமைப்பே குற்றவாளியின் பாலைத் தீர்மானித்துவிடுகிறது. ஓர் இடுப்புவலிக்குத் தீர்வு தேடிச் சென்ற குடும்பம், திரும்பும்போது ஒரு பெண்ணின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பமாகத் திரும்புகிறது. பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராகத் தனிச்சட்டங்கள் இயற்ற நேர்ந்தது வேடிக்கைக்காக அன்று. தமிழ்க் குடும்பங்களில் அது கொலையில் முடிவது அரிதாக இருக்கலாம். அடுக்களையில் ஒருத்தி ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்படுவதற்கு வழக்கு எண் கிடையாது.

இங்கே மானிடவியலின் இரு செவ்வியல் எடுத்துக்காட்டுகள் கேடயமாக நீட்டப்படும். 1937இல் வெளிவந்த அசாண்டே மக்கள் பற்றிய நூலில் எவன்ஸ் பிரிச்சர்ட் காட்டிய களஞ்சியம் ஒன்று. தூண்களைக் கரையான் அரித்ததை அம்மக்கள் அறிவர். ஆனால் இன்னார் கீழே அமர்ந்திருந்த அந்நேரத்தில் அது ஏன் விழுந்தது என்னும் கேள்விக்குச் சூனியம் விடையளிக்கிறது. மற்றொன்று 1949இல் லெவி ஸ்ட்ராஸ் எடுத்தாண்ட கேசலித் என்பவரின் வரலாறு. வாயில் ஒளித்த இறகுத் துணுக்கைக் குருதியோடு உமிழ்ந்து, நோயாளியின் உடலிலிருந்து உறிஞ்சி எடுத்த நோய் என்று காட்டும் வித்தையை அம்பலப்படுத்தவே கற்கச் சென்றவர், இறுதியில் அதிலேயே புகழ்பெற்றார். இடுமருந்து எடுப்போர் காட்டும் கட்டிக்கு மிக நெருங்கிய உறவு அந்த இறகு.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் ஆழமானவை. ஆனால் அவற்றை மேற்கோள் காட்டுவோர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். ‘ஏன் எனக்கு, ஏன் இப்போது’ என்னும் வினாவுக்குச் சூனியம் அளிக்கும் விடை ஒரு மனிதரின் பெயர். நோயாளிக்குக் கிடைக்கும் அமைதியை ஆராய்ந்து எழுதும் ஆய்வேடு, பெயர் சுட்டப்பட்டவர் இழந்த அமைதியையும் ஆராய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு அதனை ‘உள்ளிருந்து நோக்கல்’ என்று அழைத்தால், சுட்டப்பட்ட பெண் அந்தச் சமூகத்தின் ‘உள்ளே’ இல்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இக்கண்டனம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்போர் சங்க அகப்பாடல்களைத் திறந்து பார்க்கலாம். தலைவியின் உடல் மெலிகிறது, தாய் வேலனை அழைக்கிறாள், அவன் கழங்கு வைத்துப் பார்த்து முருகனால் வந்த நோய் என்கிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. நோயின் காரணம் அறிந்த தோழியோ உள்ளுக்குள் நகைக்கிறாள். நற்றிணையின் 34ஆம் பாடலில் அவள் முருகனையே நோக்கி, தெய்வமாயினும் அறியாமை உடையவன் என்று கடிந்துகொள்கிறாள். உடலின் நோயைப் பிழையாகப் படித்த சடங்கை நகையாடும் துணிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இருந்தது. இன்னொன்றும் கருதத்தக்கது: வேலன் பழியைத் தெய்வத்தின்மீது போட்டான், அடுத்த வீட்டின்மீது போடவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கு உறுப்புகளோடு முடிகிறது. ஐந்தாவதாக ஒரு பகைவரைத் திருவள்ளுவர் சேர்க்கவில்லை.

இணைப்பின் விலையை உடலும் கொடுக்கிறது. மும்பை காசநோய் மிகுந்த நகரம். முதுகெலும்பில் வரும் காசநோய் மாதக்கணக்கில் வெறும் முதுகுவலியாகவே இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு சிதைந்து கால்கள் செயலிழக்கலாம். திலக் நகரிலிருந்து காட்கோபரின் ராஜாவாடி மருத்துவமனையோ சயான் மருத்துவமனையோ தொலைவில் இல்லை. காசநோய் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். நேர்மையான சுளுக்கு வைத்தியர், சில நாள் நீவியும் வலி தணியாவிட்டால், “இது என் கைக்கு அடங்காது, படம் எடுத்துப் பாருங்கள்” என்பார். தொக்கணத்துக்கு எல்லை உண்டு. தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழி அதற்கு உண்டு. செய்வினைக்கு அது இல்லை. வலி தணிந்தால் எடுத்தாயிற்று. தணியாவிட்டால் எதிரி மறுபடியும் ஏவிவிட்டான். எந்த முடிவும் பொய்யாக்க இயலாத கூற்று, நோயாளியை எந்த நாளிலும் மருத்துவமனைக்கு அனுப்பாது.

அதன் கடைக்கோடி எங்கே இருக்கிறது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது.

மராட்டியத்தின் விடையும் குருதியில் எழுதப்பட்டது. நரேந்திர தாபோல்கர் மருத்துவர், கபடி வீரர், உடலை இகழ்ந்தவர் அல்லர். மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிரான சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் போராடிய அவர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. பேயோட்டுவதாகச் சொல்லிக் கட்டிவைத்து அடித்தல், பாம்புக்கடிக்கு மருத்துவம் பெறவிடாமல் மந்திரம் செய்தல், இன்னார் கரணி செய்பவர் என்று ஒருவர்மீது பழி பரப்புதல் முதலியவை அதன் பட்டியலில் குற்றங்கள். தண்டனை 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை. வழிபாடு, யாத்திரை, கீர்த்தனை ஆகியவற்றை அச்சட்டம் தொடவில்லை. ‘முழுமை’ பேசும் அறிஞர்களுக்கு மங்கலாகத் தெரியும் கோடு, சட்டம் வரைந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

எதிர்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதை மறைத்தல் தகாது. மாநகராட்சி மருத்துவமனையில் நெடுநேர வரிசை, இரண்டு நிமிடப் பேச்சு, மராத்தியோ இந்தியோ தடுமாறும் முதியவருக்கு வாய்திறக்கவே அச்சம். பாயில் அமர்ந்து தாய்மொழியில் குறைகேட்டு, வலிக்கும் இடத்தைத் தொடும் ஒருவரை மக்கள் நாடுவதில் வியப்பில்லை. பகுத்தறிவு பேசுவோர் சிலர் அந்தத் தொடுதலையும் சேர்த்து எள்ளி நகையாடுவது, நோயாளியை மந்திரவாதியிடமே தள்ளிவிடும் செயல். நேர்த்திக்கடனும் திருநீறும் தொழுகையும் இங்கே வழக்காடப்படவில்லை. வேண்டுதலுக்கு எதிரி தேவையில்லை. ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் வேண்டுதலோடு மனநல மருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டது. நம்பிக்கையும் மருந்தும் சேர இயலும் என்பதற்கு அது சான்று. சேரக் கூடாதது குற்றச்சாட்டு.

ஆகவே ‘முழுமை மருத்துவம்’ பற்றி ஆய்வேடு எழுதவிருக்கும் மாணவர்கள் களக்குறிப்பில் மூன்று பத்திகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். அமர்வில் யாருடைய பெயர் சுட்டப்பட்டது? எவ்வளவு பணம் கைமாறியது? நோயாளி முதன்முதலாக ஒரு மருத்துவரைப் பார்க்க எத்தனை நாள் தாமதமாயிற்று? தொட்டு நீவும் வைத்தியர் மூன்றுக்கும் கூசாமல் விடையளிப்பார். முதல் பத்தியில் ஒரு பெண்ணின் பெயர் எழுத நேருமாயின், அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் சென்று அவளிடமும் ஒரு நேர்காணல் எடுக்கப்பட வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டை முழுமை பற்றிய ஆய்வேடு என்று அழைக்க இயலாது.